தூருக்கு எத்தனை பூச்சி?

மன்னார்குடியிலிருந்து திருத்துறைப்பூண்டி போகும் சாலையோரம் ஓர் உரக்கடை. மார்கழிப் பனி இன்னும் விலகவில்லை. காலை 7 மணிக்கே ஷட்டர் ஏறிவிட்டது. வாசலில் நாலைந்து சைக்கிள், இரண்டு மொபெட். உள்ளே சுவரை மறைத்துக்கொண்டு மருந்துப் பாட்டில்கள் அடுக்கடுக்காக நிற்கின்றன. தரையில் யூரியா மூட்டைகள். மூலையில் ஒரு மர பெஞ்சு. அதில் உட்காருகிறவரை யாரும் ஏன் வந்தீர்கள் என்று கேட்பதில்லை. ஒரு காலைப் பொழுது அங்கே பேசாமல் உட்கார்ந்திருந்தால், காவிரிப் படுகையின் விவசாயி யாரிடம் பாடம் கேட்கிறார் என்பது விளங்கிவிடும்.

முதலில் வருகிறவருக்கு ஐம்பது வயது இருக்கலாம். மடித்துக் கட்டிய வேட்டி, கெண்டைக்காலில் காய்ந்த சேறு. வேரோடு பிடுங்கிய ஒரு குத்து நெற்பயிரைச் செய்தித்தாளில் சுருட்டிக் கொண்டுவந்திருக்கிறார்.

"அண்ணே, நடுவயல்ல வட்டமா காஞ்சு கெடக்கு. தீயில வாட்டுன மாரி இருக்கு. பாருங்க."

கடைக்காரர் பயிரை வாங்கி வெளிச்சத்தில் பிடிக்கிறார்.

"புகையான்தான். எத்தன மா?"

"மூணு மா."

"என்ன ரகம்?"

"பி.பி.டி."

"கதிரு வந்துருச்சா?"

"இல்லண்ணே, பொதியில இருக்கு."

"யூரியா எப்பப் போட்டீங்க?"

"மழ விட்டதும் போட்டேன். பயிரு வெளுத்துப்போயிருந்துச்சேன்னு கூட அர மூட்ட சேத்துப் போட்டேன்."

கேட்டவை எல்லாம் கேட்க வேண்டிய கேள்விகளே. பிறகு கடைக்காரரின் கை அலமாரிக்குப் போகிறது. இரண்டு பாட்டில், ஒரு பொட்டலம். "இது டேங்குக்கு முப்பது மில்லி. இதுல ஒரு மூடி. ரெண்டையும் ஒண்ணாக் கலந்து அடிச்சுடுங்க. பயிரு தெம்பா வர்றதுக்கு இந்த டானிக்."

"காசு?"

"அறுத்துட்டுக் குடுங்க."

நோட்டுப் புத்தகத்தில் ஒரு வரி ஏறுகிறது. வந்தவர் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார். டீ ஆறுவதற்குள் அந்த மூன்று மாவின் தலையெழுத்து எழுதப்பட்டுவிட்டது.

கடைக்காரரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் கடை திறந்திருக்கிறது. வருகிறவர்களின் ஊர், வயல், ரகம், பழைய பாக்கி எல்லாம் அவருக்கு மனப்பாடம். அறுவடை வரை கடன் கொடுக்கிறார். கேட்டதற்கு உடனே பதில் சொல்கிறார். இவ்வளவையும் ஒரே இடத்தில் தருகிற வேறு ஆள் இந்தச் சாலையில் இல்லை. 2003-ஆம் ஆண்டு தேசிய மாதிரி ஆய்வு அமைப்பு நாடு முழுவதும் விவசாயக் குடும்பங்களை விசாரித்தது. 10 குடும்பங்களில் 6 குடும்பங்கள் புதிய தொழில்நுட்பம் பற்றி எங்கிருந்தும் ஒரு தகவலும் பெறவில்லை. உரம், விதை, மருந்து விற்பவரிடம் கேட்டவை 100-க்கு 13. அரசின் விரிவாக்கப் பணியாளரிடம் கேட்டவை 100-க்கு 6 கூட இல்லை. வேளாண் அறிவியல் நிலையம் என்று சொன்னவை ஒன்றுக்கும் குறைவு. நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-இல் புதுச்சேரியில், இந்தப் படுகைக்குப் பக்கத்திலேயே தொடங்கப்பட்டது. இன்று 700-க்கு மேல் இருக்கின்றன. ஆனாலும் வயலுக்கும் நிலையத்துக்கும் நடுவே கடைதான் உட்கார்ந்திருக்கிறது.

இதை உணர்ந்துதான், கடைக்காரர்களுக்கே வேளாண்மை கற்றுத்தரும் ஓராண்டுப் பட்டயப் படிப்பு 2003-இல் வந்தது. ஐதராபாத்தில் உள்ள தேசிய வேளாண் விரிவாக்க மேலாண்மை நிறுவனம் தொடங்கியது. வாரம் ஒரு நாள். 40 வகுப்பு, 8 வயல் பயணம். நல்ல ஏற்பாடு. நான் பார்த்துக்கொண்டிருந்த கடைக்காரர் கேட்காமல் விட்ட ஒரு கேள்வி உண்டு. அப்படிப்பட்ட படிப்பு அதைத்தான் அவர் நாவில் ஏற்ற வேண்டும்.

தூருக்கு எத்தனை பூச்சி இருக்கிறது? குத்துக்கு எத்தனை சிலந்தி இருக்கிறது?

*

மூன்று மாக்காரரின் வயல் வாய்க்காலை ஒட்டி இருக்கிறது. வரப்பில் நின்று அவர் மருந்து கலக்குகிறார். முதல் பாட்டிலின் மூடியால் அளந்து ஊற்றுகிறார். இரண்டாவதற்கும் அதே மூடி. பாட்டிலோடு வந்த துண்டுச்சீட்டு வரப்பில் விழுந்து ஈரத்தில் ஒட்டிக்கொள்கிறது. எறும்பு ஊர்ந்தாற்போன்ற எழுத்தில் பல மொழிகளில் அச்சடித்த தாள் அது. பாட்டிலின் மேல் சாய்சதுரக் குறி. அதன் கீழ்ப்பாதி மஞ்சள். சிவப்பு என்றால் மிகக் கொடிய நஞ்சு, அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் பச்சை. எழுத்துத் தெரியாதவருக்கும் புரியட்டும் என்று வைத்த குறி. அதை ஒரே ஒரு தடவை யாராவது விரல் வைத்துக் காட்டியிருந்தால் போதும். அவர் துண்டை எடுத்து மூக்கை மட்டும் கட்டிக்கொள்கிறார். கை வெறுங்கை, கால் வெறுங்கால்.

பேட்டரி ஸ்பிரேயரின் குழாய் இடதும் வலதுமாக வீசுகிறது. பனித்துகளாக மருந்து இலைமேல் படிகிறது. புகையான் இலைமேல் இல்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, தண்டின் அடியில், நிழலில் ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சுகிறது. மேலே விழுகிற மருந்து அதை அரைகுறையாகத்தான் தொடுகிறது. இலைகளுக்கு இடையே ஓடித்திரிகிற ஓநாய்ச் சிலந்தியையும், புகையானின் முட்டையைக் குடிக்கும் பச்சை நாவாய்ப்பூச்சியையும் முழுதாகத் தொட்டுவிடுகிறது. ஓர் ஓநாய்ச் சிலந்தி நாளுக்கு 5 முதல் 15 பூச்சி வரை தின்னும். அது செத்த வயலில் புகையானின் முட்டை மட்டும் தண்டின் உறைக்குள் பத்திரமாக இருக்கும். சில நாளில் அது பொரிக்கும்போது தின்ன ஆள் இருக்காது.

இது இந்த வயலில் மட்டும் நடக்கிற கதை இல்லை. 1970-களின் பிற்பகுதியில் பிலிப்பைன்ஸ் நெல்வயல்களில் பூச்சியியலாளர் பீட்டர் கென்மோர் இதைத்தான் எண்ணிப் பார்த்தார். மருந்தடித்த வயலில் புகையான் பெருகியது. அடிக்காத வயலில் எதிரிப் பூச்சிகள் அதை அடக்கி வைத்திருந்தன. இந்தோனேசியா 1984-இல் அரிசியில் தன்னிறைவு கண்டது. இரண்டே ஆண்டில் அதே பூச்சி ஜாவாவின் வயல்களை வட்ட வட்டமாகக் கருக்கியது. அரசு மானியம் கொடுத்து மருந்தை மலிவாக்கி வைத்திருந்த நாடு அது. 1986-இல் அதிபரின் ஆணை ஒன்று, நெல்லுக்கு அடிக்கப்பட்ட 57 மருந்துகளுக்குத் தடை போட்டது. 1989-க்குள் மானியமும் நின்றது. தடை மட்டும் போதாது, விவசாயிக்குப் பூச்சியை இனம் காணத் தெரிய வேண்டும் என்று அந்த நாட்டில் 1989-இல் வயலிலேயே பள்ளிகள் தொடங்கின. 25 பேர் வாரம் ஒரு நாள் கூடுவார்கள். நாற்று நட்டதிலிருந்து அறுப்பு வரை வகுப்பு. 1990-களில் அந்த முறை இந்தியாவுக்கும் வந்தது.

மூன்று மாக்காரர் மூன்றாவது டேங்கைத் தோளில் ஏற்றுகிறார். காற்று அவர் பக்கம் திரும்புகிறது. கண்ணை இடுக்கிக்கொண்டு நடக்கிறார். அவருடைய உழைப்பில் ஒரு குறையும் இல்லை.

*

வேளாண்மை விரிவாக்க மையத்தின் கூடம். பச்சை நிற பேனர், நாற்பது பிளாஸ்டிக் நாற்காலி, வெள்ளைத் திரை. பத்து மணிக்குக் கூட்டம் என்றார்கள்; பதினொன்றுக்கு நிறைந்தது. கையெழுத்துப் பதிவேடு வரிசையாக நகர்கிறது. பெயர், தந்தை பெயர், ஊர், சர்வே எண், ஆதார் எண், கைபேசி. ஒருவர் பேனாவோடு சர்வே எண் கட்டத்தில் நின்றுவிடுகிறார். குத்தகைக்கு உழுகிறவர். நிலம் யார் பெயரிலோ இருக்கிறது. சிட்டா அந்தப் பெயரில், அடங்கலும் அந்தப் பெயரில். கட்டத்தைக் காலியாக விட்டு அடுத்தவரிடம் தள்ளுகிறார்.

உதவி வேளாண்மை அலுவலர் இளம்பெண். படித்ததை நன்றாகப் படித்தவர் என்பது பேச்சில் தெரிகிறது. பல கிராமங்கள் அவர் பொறுப்பில் இருக்கின்றன. மானிய விண்ணப்பம், பயிர்க் கணக்கு, செயலியில் பதிவு, விதை விநியோகம் எல்லாம் அவர் தலையில்தான். இவற்றுக்கு நடுவே இந்த ஒரு நாளை எடுத்து வைத்திருக்கிறார். திரையில் படங்கள் ஓடுகின்றன. மண்வள அட்டை பற்றிச் சொல்கிறார். 2015-இல் வந்த திட்டம். மண்ணின் 12 குணங்களை அளந்து அட்டையில் தருகிறார்கள். தழை, மணி, சாம்பல், கந்தகம். துத்தநாகம் முதலான நுண்சத்துகள். கார அமில நிலை, உப்பு, கரிமம். "நெல்லுக்குப் பொதுப் பரிந்துரை ஹெக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து" என்கிறார். எல்லாரும் தலையாட்டுகிறார்கள்.

பின்வரிசையில் ஒருவர் சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறையை எடுக்கிறார். ரேஷன் அட்டையோடு மண்வள அட்டையும் அதில் இருக்கிறது. மடிப்புக் கலையவில்லை. பக்கத்து ஆளிடம் மெதுவாகக் கேட்கிறார்: "இதுல மாவுக்கு எத்தன மூட்டன்னு எங்க போட்ருக்கு?"

பக்கத்து ஆளுக்கும் தெரியவில்லை. கேள்வி முன்வரிசைக்குப் போய்ச் சேரவில்லை. டீயும் வடையும் வருகின்றன. படம் எடுத்துக்கொள்கிறார்கள். கூடம் கலைகிறது.

அந்த ஒரு கேள்வியில் எவ்வளவோ அடங்கியிருக்கிறது. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் 1.08 ஹெக்டேர். தமிழ்நாட்டில் 0.75 ஹெக்டேர்; இந்தப் படுகையின் அளவையில் ஐந்தரை மா. ஹெக்டேர் என்பது இங்கே யாருடைய வயலும் இல்லை, யாருடைய கணக்கும் இல்லை. யூரியாவோ 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசுக்குக் கிடைக்கிறது; மற்ற உரங்கள் அதைவிடப் பல மடங்கு விலை. பயிர் வெளுத்தால் கை மலிந்ததைத்தான் தேடும். தழைச்சத்து மிஞ்சிய பயிர் கரும்பச்சையாக, மென்மையாக, நெருக்கமாக வளரும். புகையானுக்கு அதுவே விருந்து. கடையில் நின்ற மனிதர் கூடச் சேர்த்துப் போட்ட அரை மூட்டைக்கும் நடுவயலில் கருகிய வட்டத்துக்கும் உள்ள உறவை அவருக்கு யாரும் காட்டவில்லை.

*

செவ்வாய்க்கிழமை காலை, வரப்போரம் ஒரு புங்கமரத்தடி. அதே அலுவலர், இன்று திரை இல்லை, பேனர் இல்லை. சேற்றில் நனைந்த சுடிதாரோடு நிற்கிறார். இருபது பேருக்கு மேல் வந்திருக்கிறார்கள். வயல்வெளிப் பள்ளியின் ஒன்பதாவது வாரம். மையத்துக் கூடத்தில் பார்த்த பிளாஸ்டிக் உறைக்காரரும் இருக்கிறார்.

"மேடம், மாவுக்கு எத்தன மூட்ட?" என்று இங்கே சத்தமாகவே கேட்கிறார்.

அலுவலர் ஒரு குச்சியை ஒடித்து அவர் கையிலேயே கொடுக்கிறார். "நீங்களே போடுங்கய்யா, சேந்து போடுவோம்." மண்ணில் கணக்கு விரிகிறது. ஹெக்டேருக்கு ஏழரை மா கொஞ்சம் குறைய. 150 கிலோவை அதால் வகுத்தால் மாவுக்கு 20 கிலோ தழைச்சத்து. யூரியாவில் 100-க்கு 46 தான் தழைச்சத்து. ஆக, மாவுக்கு 44 கிலோ யூரியா.

குச்சி பிடித்தவர் நிமிர்கிறார். "அப்ப ஒரு மூட்ட!"

"ஒரு மூட்ட. பருவம் முழுக்கத் தழைச்சத்துக்கு அவ்வளவுதான். அடியுரத்துல டி.ஏ.பி. போட்டிருந்தா அதுல வர்ற தழைச்சத்தையும் இதுல கழிக்கணும். மிச்சத்த நாலு தடவையாப் பிரிச்சுப் போடணும். ஒரு தடவைக்கு மாவுக்குப் பதினோரு கிலோவுக்கு மேல போகாது."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. ஒரே தடவையில் அரை மூட்டை போட்டவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். அலுவலர் பையிலிருந்து இலை வண்ண அட்டையை எடுக்கிறார். வெளிர்பச்சையிலிருந்து கரும்பச்சை வரை பட்டைகள். வெயிலுக்கு முதுகைக் காட்டி, தன் நிழலில் இலையை அட்டைமேல் வைக்கக் காட்டுகிறார். முழுதாக விரிந்த இளம் இலை, பத்து குத்தில் பத்து இலை. ஆறு இலையோ அதற்கு மேலோ குறித்த நிறத்தைவிட வெளுத்திருந்தால் அப்போது யூரியா. இல்லாவிட்டால் மூட்டை கட்டின கயிற்றை அவிழ்க்க வேண்டாம். நாற்று நட்ட இரண்டாம் வாரத்திலிருந்து செய்துவருவதை இன்று புதிதாக வந்தவர்களுக்காக இன்னொரு முறை செய்கிறார்கள். ஒருவர் பின் ஒருவராக முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்கிறார்கள்.

பிறகு ஐந்தைந்து பேராகப் பிரிந்து வயலில் இறங்குகிறார்கள். பயிரை ஒதுக்கி, குனிந்து, தண்டின் அடியைத் தட்டிப் பார்க்கிறார்கள். ஒருவர் எண்ண, ஒருவர் எழுத, ஒருவர் சிலந்தியைக் கண்ணாடிக் குப்பியில் பிடிக்கிறார். ஒரு முக்கால் மணி நேரம் பேச்சே இல்லை. இருபது வருடமாக உழுகிற நிலத்தில் அவ்வளவு நேரம் பயிரின் அடியைப் பார்த்துக்கொண்டு நின்றதில்லை என்பது அவர்கள் முகத்தில் தெரிகிறது.

மேலேறி வந்து பெரிய வெள்ளைத் தாளில் படம் போடுகிறார்கள். நடுவே ஒரு பயிர். இடப்பக்கம் கெடுக்கிற பூச்சி, வலப்பக்கம் அதைத் தின்கிற பூச்சி. மேலே மேகம், கீழே தண்ணீரின் உயரம். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் ஒருவர் தாளைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறார். கை நடுங்குகிறது, குரல் நடுங்கவில்லை.

"பத்து குத்து பாத்தோம். தூரு நூத்தம்பது. பூச்சி நூத்தியெம்பது. செலந்தி பதினாலு. தூருக்கு ஒண்ணுக்குக் கொஞ்சம் மேல வருது. செலந்தி குத்துக்கு ஒண்ணுக்கு மேல இருக்கு."

"அப்ப என்ன செய்யலாம்?" அலுவலர் பதிலைச் சொல்லாமல் நிற்கிறார்.

சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு ஒரு புகையான் வந்தால் மருந்தடிக்கலாம். குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் விவசாயிகளுக்குச் சொல்லும் வரம்பு இதுதான். போன வாரங்களில் கற்றதை இன்று அவர்களே எடுத்துப் பேச வேண்டும். ஒருவர் அடித்துவிடலாம் என்கிறார். பக்கத்து வயலில் காய்ந்துவிட்டது என்று பயப்படுகிறார். இன்னொருவர், தண்ணீரை வடித்துவிட்டு மூன்று நாள் கழித்து மறுபடி எண்ணலாம் என்கிறார். விவாதம் சூடாகிறது. கடைசியில் வடிப்பது என்று முடிவாகிறது. எட்டடிக்கு ஓரடி பயிரை ஒதுக்கிப் பட்டம் விட்டுக் காற்றும் வெளிச்சமும் அடிவரை போகச் செய்வது என்றும் பேசிக்கொள்கிறார்கள்.

வேறொரு குழுவின் தாளில் தூருக்கு நாலு. பத்து குத்துக்கும் சேர்த்துச் சிலந்தி இரண்டே இரண்டு. அது முன்பே இருமுறை மருந்து பார்த்த வயல். அங்கே அடித்தே ஆக வேண்டும். என்ன மருந்து, என்ன அளவு, குழாயைத் தண்டின் அடிக்கு எப்படிக் கொண்டுபோவது, புகையானைப் பெருகவிடும் பைரித்திராய்டு வகையை ஏன் கேட்கக் கூடாது என்று எழுதிக்கொள்கிறார்கள். அந்தச் சீட்டோடு அவர்கள் கடைக்குப் போவார்கள். எண்ணிப் பார்த்துவிட்டு வந்த மனிதரிடம் கடைக்காரரும் வேறு மாதிரிதான் பேசியாக வேண்டும்.

*

இவ்வளவும் நடக்கும்போது பக்கத்து தாளடி வயலில் எட்டுப் பெண்கள் வரிசையாகக் குனிந்து களை பறித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆரம்பத்திலிருந்து அங்கேதான் இருக்கிறார்கள். வகுப்பு முடியும் தறுவாயில் மூத்த அம்மாள் ஒருத்தி இடுப்பைப் பிடித்து நிமிர்ந்து, அலுவலரைப் பார்த்துச் சொல்கிறார்:

"ஏம்மா, அந்த மேலக்கோடி வயல்ல பத்து நாளைக்கு முன்னாடியே பொடிப் பூச்சி கால்ல வெள்ளையாத் தத்துச்சு. தூர வெலக்குனா தண்ணியில உதுந்துச்சு. நாங்க களையெடுக்கையிலயே பாத்தோம்."

"யாருகிட்டயாவது சொன்னீங்களாம்மா?"

"எங்கள யாரு கேட்டா?"

கோபத்தில் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான். ஆனால் வரப்பில் நின்றவர்கள் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். பத்து நாள் என்பது புகையான் கணக்கில் ஒரு வயல் முழுசும். விதைவிடுவதிலிருந்து நடவு, களை, அறுப்பு வரை பயிரின் அடியைத் தினமும் கையால் தொடுகிறவர்கள் இந்தப் பெண்கள். நாட்டில் பெண்கள் நிர்வகிக்கும் விவசாய நிலங்கள் 100-க்கு 14 தான். மற்றப் பெண்களுக்கு வேலை உண்டு, சர்வே எண் இல்லை. சர்வே எண் இல்லாதவர் பதிவேட்டில் இல்லை. பதிவேட்டில் இல்லாதவரைப் பயிற்சிக்கு யாரும் கூப்பிடுவதில்லை. குத்தகைக்காரரின் கட்டம் காலியானதும் இதே வழியில்தான்.

அலுவலர் வரப்பைத் தாண்டி அவர்களிடம் போகிறார்.

"நீங்களும் வகுப்புக்கு வரணும்மா."

"வெள்ளன ஏழு மணிக்கு எறங்குனா ஒரு மணிக்குத்தான் கர ஏறுவோம். கூலிய வுட்டுட்டு எப்டிம்மா வர்றது? மூணு மணிக்கு வெச்சீங்கன்னா சோறு தின்னுட்டு வந்துருவோம்."

கூட்டத்தில் ஒரு பெரியவருக்குச் சந்தேகம். "மத்தியானத்துல பூச்சி தெரியுமா மேடம்?"

"இது எந்நேரமும் அடித்தண்டுலதான் இருக்கும்யா. மூணு மணிக்கும் அங்கதான் இருக்கும். வண்ண அட்ட மட்டும் நீங்க காலையில பாத்துட்டு வந்து சொல்லிடுங்க."

பெரியவர் யோசித்துத் தலையசைக்கிறார். அங்கேயே முடிவாகிவிடுகிறது: அடுத்த செவ்வாய் மாலை 3 மணி. அலுவலர் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி எட்டுப் பெயர்களை எழுதுகிறார். சர்வே எண் கட்டத்தின் குறுக்கே ஒரு கோடு.

அந்தக் கோட்டை அவர் தன் பொறுப்பில் போட்டார். அது அரசின் விதியாக வேண்டும். வளரும் நாட்டு விவசாயத்துக்கு மழையும் விலையும் கடனும் வைக்கிற சோதனைகள் ஏராளம். அவற்றை வகுப்பு நடத்தித் தீர்க்க முடியாது. ஆனால் வீணாகிற யூரியாவையும், தேவையில்லாமல் அடிக்கிற மருந்தையும், அதைச் சுவாசிக்கிற நுரையீரலையும் காப்பாற்ற முடியும் என்பதை ஒரு புங்கமரத்தடியில் கண்ணால் பார்த்தேன். அதற்குக் கூடமும் திரையும் தேவைப்படவில்லை. பருவம் முழுக்க வயலிலேயே நடக்கிற வகுப்பு வேண்டும். மா அளவில், மூட்டைக் கணக்கில் பேசுகிற பாடம் வேண்டும். அதே வகுப்பில் உரக்கடைக்காரருக்கும் ஓர் இடம் வேண்டும். வயலில் கால் வைக்கிற யாரையும் சர்வே எண் கேட்டுத் திருப்பி அனுப்பாத பதிவேடு வேண்டும். தை அறுவடை முடிந்ததும் அடுத்த ஆண்டுக்கான பயிற்சித் திட்டத்தை எழுத உட்காருவார்கள். இவை நான்கையும் அதன் முதல் பக்கத்திலேயே எழுதட்டும்.